அடியில் ஓட்டையுள்ள அலங்காரக் கலன்

தகடு வராமல் போன முதல் மாதம் வாளிக்காரர் லாரிக்காரனைத் திட்டினார். அடுத்த மாதம் கிடங்குக் காவலாளியைத் திட்டினார். அதற்கடுத்த மாதம் திட்ட ஆள் கிடைக்காமல் மனைவி பக்கம் திரும்ப, அவள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"என்னையத் திட்டினா தகடு வருமா? வரும்னா சொல்லுங்க, உக்காந்து கேட்டுக்கறேன்."

அதற்குமேல் வீட்டில் நிற்க முடியாது. சட்டையை மாட்டிக்கொண்டு திட்ட அமைச்சகத்துக்குக் கிளம்பினார்.

அவர் பட்டறை தெருக்கோடியில் இருந்தது. தகட்டை வெட்டி, வளைத்து, விளிம்பு மடித்து, காது வைத்துக் கம்பிப் பிடி மாட்டுவது அவர் வேலை. உடம்பையும் அடித்தட்டையும் ஈயம் வைத்துப் பற்றவைப்பதற்கு ஒருத்தி இருந்தாள். வேலை தேடிப் போன அவள் புருஷன் போன இடத்திலேயே வேறு குடும்பத்தையும் தேடிக்கொண்டான். மூச்சிரைப்புக்கார மகள் ஒருத்தியோடு அவள் பட்டறைக்குப் பின்னால் ஒற்றை அறையில் குடியிருந்தாள். தெருவில் எல்லோரும் அவளைப் 'பத்தவைக்கிற அக்கா' என்பார்கள். புதிதாகக் கேட்பவர்கள் பெரிய வம்புக்காரி போலிருக்கிறது என்று ஒதுங்கிப் போவார்கள். அவளோ நாளைக்கு நாலு வார்த்தை பேசினால் அதிகம்.

தெருவின் நடுவில் ஒரு பொதுக்குழாய். அதில் தண்ணீர் வரும்போது வரும். வந்ததும் தெருவே வாளியோடு வரிசையில் நிற்கும். இத்தனை நாள் அந்த வாளிகளெல்லாம் புத்தம்புதிதாக மின்னும். இப்போது துணி அடைத்த வாளி, தார் பூசிய வாளி, பிடி போய்க் கயிறு கட்டிய வாளி என்று வரிசையைப் பார்க்கவே ஆஸ்பத்திரி வாசல் மாதிரி இருந்தது. வாளிக்காரர் தலையைக் குனிந்துகொண்டுதான் அதைக் கடந்து போனார்.

அமைச்சகத்தில் அவரை நாலைந்து அறைகளுக்கு அலையவிட்டுக் கடைசியில் துணை இயக்குநரிடம் அனுப்பினார்கள். அந்த அறைச் சுவரில் நாட்டின் வளர்ச்சியைக் காட்டும் சிவப்புக் கோடு ஒன்றை வரைந்திருந்தார்கள். அது ஏறி ஏறி, சுவரில் இடம் போதாமல் கூரைக்குத் தாவி, மின்விசிறிக்குப் பக்கத்தில் போய் நின்றிருந்தது. துணை இயக்குநர் அடிக்கடி அண்ணாந்து பார்த்துக்கொண்டார்.

"நீங்க என்ன துறை?"

"வாளி சார்."

அவர் கணினியில் தேடினார். முகம் மலர்ந்தது. "வாளித் துறை முடிஞ்சுபோச்சே!"

"முடிஞ்சுபோச்சுன்னா?"

"வெற்றிகரமா நிறைவு. போன திட்டத்தோட கடைசியில வீட்டுக்கு வீடு குழாய் வந்தாச்சு. குழாய் இருக்கற வீட்ல வாளிக்கு என்ன வேலை? ஆக, தேவை பூஜ்யம். தேவை பூஜ்யம்னா தகடும் பூஜ்யம்."

"எங்க தெருவுல குழாய் வரலீங்களே."

"எந்தத் தெரு?"

வாளிக்காரர் சொன்னார். துணை இயக்குநர் திரையைத் திருப்பிக் காட்டினார். "வந்திருக்கே. நீலக் கோடு தெரியுதா?"

தெரிந்தது. நீலக் கோடு தெருவுக்குள் நுழைந்து, அவர் வீட்டு வாசலில் திரும்பி, நேரே அடுப்படிக்குள் போயிருந்தது. ஒரு கணம் வாளிக்காரருக்கே சந்தேகம் வந்துவிட்டது. காலையில் கோபத்தில் கவனிக்காமல் வந்துவிட்டோமோ?

"இல்ல சார். இன்னிக்குக்கூட எம் பொண்டாட்டி தெருக்குழாய்லதான் நின்னா."

துணை இயக்குநர் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, அம்மை போட்ட பிள்ளையிடம் பேசுவதுபோல் பேசினார். "உங்க தெருவுக்குக் குழாய் வரலைன்னு நான் ஒத்துக்கிட்டேன்னு வைங்க. உடனே பக்கத்துத் தெருவுக்கு வந்துதான்னு கேப்பாங்க. அப்புறம் பக்கத்து ஊரு. எங்கயும் குழாய் வரலைன்னா குழாய்த் தொழிற்சாலை ஓடலைன்னு ஆகும். அது ஓடலைன்னா அங்க வேலை பாக்கற ஆள் கிடையாது. ஆளே இல்லைன்னா அவங்க சம்பாதிச்சதும் கிடையாது, செலவு பண்ணதும் கிடையாது." கூரையைக் காட்டினார். "அப்புறம் அந்தக் கோடு எங்க விழும்? எந் தலையில. ஒரு வாளிக்காக ஒரு தேசத்தையே கவுத்திடலாமா, சொல்லுங்க?"

தேசத்தைக் கவிழ்க்கிற உத்தேசம் எதுவும் வாளிக்காரருக்கு இல்லை. "வேணாம் சார்," என்றார். அறை மூலையில் ஏசி இயந்திரத்திலிருந்து சொட்டிய தண்ணீரை ஒரு வாளி பிடித்துக்கொண்டிருந்தது. காது வைத்த விதத்தைப் பார்த்ததுமே தன் வாளி என்று கண்டுகொண்டார்.

அவர் பார்வை போன இடத்தைத் துணை இயக்குநரும் பார்த்தார். "அது திட்டத்துக்கு முந்தின வாளி," என்றார்.

வாளிக்காரர் கும்பிட்டுவிட்டு எழுந்தபோது துணை இயக்குநருக்கு மனசு கேட்கவில்லை. ஆள் கெட்டவர் இல்லை. "இருங்க. அலங்காரத் துறையில தகடு மலை மாதிரி கிடக்கு. குழாய் வந்து மக்கள் செழிப்பாயிட்டா வீட்டை அழகுபடுத்துவாங்கன்னு ஒதுக்கினோம். வாங்கத்தான் ஆள் வரலை. நீங்க அலங்காரக் கலன் செய்யுங்களேன்."

"கலன்னா?"

"வாளி மாதிரியே இருக்கலாம். ஆனா தண்ணி நிக்கக் கூடாது. நின்னா வாளி ஆயிடும், வாளி கிடையாதுன்னு முடிவாயிடுச்சு. அடியில ஒரு ஓட்டை போட்டுடுங்க, போதும்." பிறகு இன்னும் கொஞ்சம் தயங்கி, "வாளிக்கு ஒரு விடைகொடுப்பு விழா வெச்சிருக்கோம். மேடைக்கு ஒரு வாளிக்காரர் தேவைப்படறார். வந்து மூணு வரி படிச்சீங்கன்னா தகடு உடனே வந்துடும்," என்றார்.

விழாவுக்கு வாளிக்காரர் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போனார் என்பதை மறைக்கக் கூடாது. மேடையில் நாற்காலி போட்டார்கள். ஒரு மந்திரியின் பக்கத்தில் உட்காருவது எல்லோருக்கும் வாய்க்கிற காரியம் இல்லை. அவருக்கு உள்ளுக்குள் கொஞ்சம் குளிர்ந்துதான் இருந்தது.

மந்திரி பேசினார். "ஒரு பிரச்சினையை முடிவுக்குக் கொண்டுவர இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, பிரச்சினையைத் தீர்ப்பது. அதற்குக் காலமும் பொருளும் விரயமாகும். மற்றொன்று, தீர்ந்துவிட்டதாகத் திட்டமிடுவது. இந்த அரசு சிக்கனமான அரசு!" கைதட்டல். "நாட்டு மக்கள் பின்தங்கியிருக்கிறார்கள் என்று சிலர் குறை கூறுகிறார்கள். நான் மறுக்கவில்லை. திட்டம் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டது. மக்கள்தான் இன்னும் வந்து சேரவில்லை. அவர்களுக்காகத் திட்டம் காத்துக்கொண்டிருக்க முடியுமா?" பெரிய கைதட்டல்.

பிறகு வாளிக்காரர் எழுந்து, பட்டுத்துணி போர்த்திய மேசைமேல் ஒரு வாளியை வைத்துவிட்டு, எழுதிக்கொடுத்த மூன்று வரிகளைப் படித்தார். இது நான் செய்த கடைசி வாளி. இனி யாருக்கும் வாளி தேவையில்லை. அரசுக்கு நன்றி. முடித்ததும் மந்திரி அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

கூட்டத்துக்கு லாரியில் ஏற்றி வந்திருந்த தெருக்காரர்களோடு பத்தவைக்கிற அக்காவும் நின்றிருந்தாள். திரும்பும் வழியில், "அண்ணே, கடைசி வாளின்னு சொன்னீங்களே. அப்ப எனக்கு வேலை?" என்றாள்.

"அட, அது பேச்சுக்குச் சொன்னதும்மா."

"பேச்சுக்குச் சொன்னதத்தானேண்ணே அவங்க எழுதிக்கிறாங்க."

அவருக்குச் சுருக்கென்றது. ஆனால் மறுநாளே தகடு வந்து இறங்கிவிட்டதால் அந்தச் சுருக்கு அடங்கிப்போனது.

பட்டறையில் மறுபடி சுத்தியல் சத்தம் கேட்டது. வாரம் ஒருமுறை ஆய்வாளர் வருவார். ஒவ்வொரு கலனையும் தலைக்குமேல் தூக்கி, அடிஓட்டை வழியாக ஒற்றைக் கண்ணால் வானத்தைப் பார்ப்பார். வானம் தெரிந்தால் முத்திரை. ஓட்டை மிகச் சிறியது என்று ஒருமுறை ஓர் அடுக்கு முழுவதையும் திருப்பி அனுப்பினார். "தரத்துல சமரசம் பண்ணாதீங்க," என்று எச்சரிக்கையும் செய்தார்.

கலன்கள் குவிந்தனவே தவிர யாரும் வாங்கவில்லை. ஓட்டை வாளியை வாங்கி எந்தச் சுவரில் மாட்டுவது? குவியலையே பார்த்துக்கொண்டிருந்த வாளிக்காரரிடம் மனைவி சொன்னாள்: "ஓட்டை போடத் தெரிஞ்ச மனுஷனுக்கு அதை அடைக்கத் தெரியாதா?"

"அடி இவளே, அது குத்தம். முத்திரை குத்தின சாமான்."

"நீங்க ஒண்ணும் அடைக்க வேணாம். நீங்க கலனா வித்துடுங்க. வாங்கினவங்க அவங்க சாமானைப் பத்தவைக்கிற அக்கா வீட்டுல குடுத்து என்ன பண்ணிக்கிட்டா உங்களுக்கென்ன?"

அப்படித்தான் நடந்தது. முன்வாசலில் கலன் வாங்கியவர்கள் சந்து வழியாகப் பின்வாசலுக்குப் போனார்கள். ஒரு பொட்டு ஈயம், ஒரு தேய்ப்பு. கலன் வாளியாகிவிடும். சீக்கிரத்திலேயே தெருக்குழாய் வரிசை பழையபடி பளபளத்தது. வேறு தெருக்காரர்கள்கூட இந்தத் தெரு உறவுக்காரர்களின் பெயரில் வாங்கிப் போனார்கள். வாளிக்காரர் மீசையைத் தடவிக்கொண்டு, "அமைச்சகத்துக்கே தண்ணி காட்டிட்டோம்ல!" என்றார்.

அமைச்சகத்துக்குத் தண்ணி காட்டலாம், தப்பில்லை. ஆனால் விற்பனைக் கணக்கையும் காட்டிவிட்டுத் தண்ணி காட்டக் கூடாது. அது அவருக்குத் தெரியவில்லை.

ஒரு நாள் காலை துணை இயக்குநர் காரில் வந்து இறங்கினார். பின்னால் ஒரு புகைப்படக்காரர், ஒரு பெயர்ப்பலகை, அதை நடுவதற்கு இரண்டு ஆட்கள். வாளிக்காரரைக் கண்டதும் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"கலக்கிட்டீங்க! நாட்டுலயே அலங்காரப் பொருள் அதிகமா வாங்கற தெரு இதுதான். பங்களாக்காரங்க தெருவுல மொத்தமாவே ஒரே ஒரு கலன்தான் வித்திருக்கு. இங்க ஒரு வீட்ல அஞ்சு, ஒரு வீட்ல ஏழு! வயித்துக்கு இல்லாதவன் அழகுக்குச் செலவு பண்ணுவானா? உங்க தெருவுல வறுமை ஒழிஞ்சுபோச்சு சார்!"

முதல்முறையாக ஓர் அதிகாரி வாளிக்காரரைச் சார் என்றார். அதனாலோ என்னவோ அவருக்கு உடனே வாய் வரவில்லை. அதற்குள் 'செழிப்புத் தெரு' என்ற பலகையை நட்டுவிட்டார்கள்.

செழிப்பு வந்த கையோடு இலவச மருந்தகம் போனது. செழிப்பானவர்களுக்கு இலவசம் எதற்கு என்று மருந்தகத்தைப் பெயர்த்து ஏதோ ஏழைத் தெருவுக்குக் கொண்டுபோனார்கள். அது எந்தத் தெரு என்று விசாரித்துத் தெரிந்துகொள்ளவே பத்தவைக்கிற அக்காவுக்குச் சில நாள் ஆனது. பிறகு மகளைத் தோளில் சாய்த்துக்கொண்டு நடந்து போனாள். இளைப்போடு வந்த பிள்ளையைப் பார்த்த மருத்துவர் முதலில் தெருப்பெயரைக் கேட்டார். கேட்டுவிட்டு, "அந்தத் தெருவா? பத்திரிகையில படிச்சேனே, கொடுத்து வெச்சவங்க," என்றார். மருந்து கொடுக்கவில்லை. அவள் அதே வழியில் திரும்பி நடந்தாள். அன்று முழுவதும் அந்தப் பிள்ளை இழுத்த மூச்சுச் சத்தம் பட்டறைவரை கேட்டது. வாளிக்காரர் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு வெறுமனே உட்கார்ந்திருந்தார்.

அடுத்து மானிய மண்ணெண்ணெய் நின்றது. அதற்கடுத்து இரண்டு ஆட்கள் பெரிய திருகுச்சாவியோடு வந்து தெருக்குழாயைக் கழற்றினார்கள். மிகவும் மரியாதையான ஆட்கள். "வீட்டுக்குள்ள குழாய் இருக்கறப்ப வாசல்ல எதுக்குங்க? தெருவோட அழகு கெடுது," என்று சொல்லிக்கொண்டே துளையைச் சிமெண்ட் வைத்துப் பூசி, காயும்வரை யாரும் மிதிக்காமல் காவலும் இருந்துவிட்டுப் போனார்கள்.

அன்று பட்டறை வாசலில் தெருவே கூடிவிட்டது. எதிர்வீட்டுக்காரர் கத்தினார்: "வாளியக் குடுத்துட்டுத் தண்ணியப் புடுங்கிட்டியேய்யா! மேடையில ஏறி உக்காந்தப்பவே எனக்குத் தெரியும்!"

வாளிக்காரர் பட்டறைப் படியில் உட்கார்ந்துவிட்டார். மனைவி என்னமோ சொல்ல வாயெடுத்தாள். ஆனால் பத்தவைக்கிற அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். "அண்ணனைச் சொல்லாதீங்க. ஓட்டைய அடைச்சது நானு. நான் போய்ச் சொல்லிடறேன், அதெல்லாம் வாளிதான்னு. என்ன பண்ணுவாங்க, உள்ள போடுவாங்க. இவளை மட்டும் யாராவது பாத்துக்குங்க." அவள் இடுப்பில் மகள் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள்.

வாளிக்காரர் எழுந்தார். "நீ இரும்மா. மூணு வரி படிச்சவன் நான். நான் போறேன்."

இந்த முறை சலவைச் சட்டை இல்லை. துணை இயக்குநர் அறையில் சிவப்புக் கோடு கூரையைக் கடந்து எதிர்ச்சுவரில் இறங்க ஆரம்பித்திருந்தது. இறங்குவதுபோல் தெரியக் கூடாது என்பதற்காக அந்தச் சுவரில் மட்டும் கோட்டைத் தாளில் வரைந்து தலைகீழாக ஒட்டியிருந்தார்கள்.

"சார், அது எதுவும் அலங்காரம் இல்ல. எல்லாம் வாளி. ஓட்டைய அடைச்சுத் தண்ணி புடிச்சோம். எங்க தெரு பூராவும் இல்லாதப்பட்டவங்க. தப்பு எம்மேலதான்."

துணை இயக்குநர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். "நீங்க எதுவும் சொல்லலை. நான் எதுவும் கேக்கலை."

"என்னை ஜெயில்ல போடுங்க சார். குழாயத் திருப்பிக் குடுத்துடுங்க."

"ஜெயில்ல போட்டா காரணம் எழுதணுமே! என்னன்னு எழுதறது? வாளி செஞ்சார்னா? வாளியே கிடையாதுன்னு மந்திரி அறிவிச்சாச்சு. இல்லாத வாளியச் செஞ்சதுக்கு எந்தச் சட்டத்துல போடறது? குழாய் மட்டும் என்ன, கணக்குல இல்லாத குழாயைத்தான் கழட்டியிருக்காங்க. இல்லாததை எப்படித் திருப்பி வைக்கறது?" நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "இந்த வருஷம் குழாய்த் துறை விழுந்துடுச்சு, இரும்பு விழுந்துடுச்சு. அலங்காரம் ஒண்ணுதான் நிக்குது. நாடே உங்க ஓட்டையிலதான் தொங்கிட்டிருக்கு. உங்க கால்ல வேணா விழறேன். இதை யார்கிட்டயும் சொல்லாதீங்க."

நிஜமாகவே குனியப் பார்த்தார். வாளிக்காரர் பதறிப்போய் அவர் தோளைப் பிடித்து நிமிர்த்திவிட்டு வெளியே வந்தார்.

அமைச்சகத்தின் முன்னால் பெரிய புல்வெளி. தோட்டக்காரர் குழாயைத் திறந்து புல்லுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். விரலால் குழாய் வாயை அழுத்த, தண்ணீர் விசிறியாக விரிந்தது. பாதி நடைபாதையில் விழுந்து ஓடிச் சாக்கடையில் சேர்ந்தது. வாளிக்காரர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். இத்தனை நாள் அந்த வாசலில் ஏறி இறங்கும்போது ஒருமுறைகூட அந்தப் பக்கம் அவர் திரும்பியதில்லை.

மறுநாள் காலை தெரு மொத்தமும் கலன்களோடு அமைச்சக வாசலில் நின்றது. காவலாளி மறித்தார்.

"என்ன இது?"

"அலங்காரக் கலன்," என்றார் வாளிக்காரர். "செழிப்புத் தெருவுலேருந்து வர்றோம்."

காவலாளி பத்திரிகை படிக்கிறவர். வணக்கம் வைத்துக் கதவைத் திறந்துவிட்டார்.

தோட்டக்குழாயின் முன் வரிசை உண்டாயிற்று. யாரும் தள்ளவில்லை, சண்டை போடவில்லை. தோட்டக்காரரே குழாயைப் பிடித்து ஊற்றினார். அவர் தெருவிலும் குழாய் இல்லையாம். வாளிகள் நிறைகிற சத்தத்தைத் தவிர வேறு சத்தம் இல்லை.

மாடி முகப்பில் மந்திரி வந்து நின்றார். கீழே வெயிலில் மின்னிய நூறு கலன்களைப் பார்த்ததும் அவர் கண் கலங்கிவிட்டது. பக்கத்தில் யாரோ எதையோ காதில் சொல்ல, அவர் கையை உயர்த்தி அசைத்தார். "என் அன்பு மக்களே! நன்றி சொல்ல நீங்களாகவே திரண்டு வருவீர்கள் என்று எந்தத் திட்டத்திலும் நாங்கள் எழுதவில்லை!" என்று ஆரம்பித்தார். அவர் பேசியதில் உண்மையான வாக்கியம் அது ஒன்றாகத்தான் இருக்கும்.

துணை இயக்குநர் மூச்சு வாங்க ஓடி வந்தார். கூடவே புகைப்படக்காரர். "எல்லாரும் கலனைத் தலைக்குமேல தூக்குங்க! மந்திரி பாக்கறார்!"

யாரும் அசையவில்லை.

"தண்ணியக் கொட்டிட்டுத் தூக்குங்களேன். ரெண்டு நிமிஷம்தான். அப்புறம் புடிச்சுக்கலாம்."

பத்தவைக்கிற அக்கா தன் வாளியைப் பார்த்தாள். துணை இயக்குநரைப் பார்த்தாள். பிறகு வாளியை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, மகளின் கையைப் பிடித்து வாசலை நோக்கி நடந்தாள். அவளுக்குப் பின்னால் எதிர்வீட்டுக்காரர் நடந்தார். பிறகு ஒவ்வொருவராக, தளும்பாமல், நிதானமாக. மேலே மந்திரி அதை ஊர்வலம் என்று எண்ணிக் கையசைத்துக்கொண்டே இருந்தார்.

கடைசியில், கைக்கொரு வாளியோடு நின்றது வாளிக்காரர். துணை இயக்குநர் அவர் முழங்கையைப் பற்றிக்கொண்டார். "நீங்க ஒருத்தராவது தூக்குங்க. உங்களுக்கு நான் எவ்வளவு செஞ்சிருக்கேன். பிள்ளகுட்டிக்காரன் சார் நான்."

வாளிக்காரருக்கு அவரைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. பழைய வழக்கத்தில் ஒரு கை லேசாக உயரக்கூடச் செய்தது. உயர்ந்த கையிலிருந்து கொஞ்சம் தண்ணீர் சிந்தி அவர் காலை நனைத்தது. கையை இறக்கிக்கொண்டார்.

"ரெண்டு கையும் நெறஞ்சிருக்கு சார்," என்று சொல்லிவிட்டு நடந்தார்.

அடுத்த நாள் விடிந்ததும் தோட்டக்குழாயைக் கழற்றச் சொல்லி ஆள் அனுப்பினார்கள். அதே மரியாதையான ஆட்கள், அதே திருகுச்சாவி. ஆனால் அவர்கள் வந்து சேர்வதற்கு முன்பே வரிசை வந்து நின்றிருந்தது. நேற்று வந்த தெருவோடு, பெயர் தெரியாத இன்னும் சில தெருக்களும் அதில் இருந்தன.